காதுக்குள் ஒரு குரல்

கண்கட்டு வித்தை செய்கிறவர் நம்மை ஏமாற்றப்போவதாகச் சொல்லிவிட்டுத்தான் மேடையேறுகிறார். நாமும் காசு கொடுத்துச் சீட்டு வாங்கி, மனமார ஏமாந்து, மகிழ்ச்சியோடு வீடு திரும்புகிறோம். அதனால் யாருக்கும் நட்டமில்லை. அதே வித்தையைச் செய்துவிட்டு, இது தெய்வ சக்தி என்றும் ஆவிகளின் செயல் என்றும் ஒருவர் கூறும்போதுதான் தொல்லை பிறக்கிறது. அத்தகையோரைப் பிடிப்பதில் பெரும் படிப்பாளிகளைவிட மேடை வித்தைக்காரர்களே பல முறை முந்தியிருக்கிறார்கள்.

அமெரிக்காவில் ஹாரி ஹூடினி என்பவர், எத்தகைய விலங்கையும் பூட்டையும் கழற்றிக்கொண்டு வெளிவருவதில் பெயர் பெற்றவர். 1924-ஆம் ஆண்டில் 'சயன்டிபிக் அமெரிக்கன்' என்னும் அறிவியல் ஏடு அமைத்த ஆய்வுக் குழுவில் அவரும் இருந்தார். மெய்யான ஆவிச் செயலை நிரூபிப்போருக்குப் பரிசு 2,500 டாலர். பாஸ்டன் நகரத்தில் 'மார்ஜரி' என்று அறியப்பட்ட ஓர் அம்மையார், இறந்துபோன தம் சகோதரரின் ஆவி இருட்டில் மணியடிப்பதாகக் கூறிவந்தார். அவரைச் சோதிக்கப் போன நாளன்று, ஹூடினி தம் முழங்காலுக்குக் கீழே இறுக்கமான இரப்பர்க் கட்டைப் பகல் முழுவதும் அணிந்திருந்தாராம். இலேசாகத் தொட்டாலே தெரியும்படி அவ்விடம் வீங்கிக் கூச்சம் மிகுந்துவிட்டது. மாலையில் விளக்கணைந்ததும் அம்மையாரின் கால், ஹூடினியின் காலை உரசியபடி மணிப்பெட்டியை நோக்கி மெல்ல மெல்ல நகர்ந்தது. பரிசு கொடுக்கப்படவில்லை.

அறிவியலார் ஆராயும் கிருமியும் உலோகமும் வேண்டுமென்றே பொய் சொல்வதில்லை. ஆகவே, பொய்யை எதிர்பார்க்கும் பழக்கம் அவர்களுக்கு இருப்பதில்லை. வித்தைக்காரருக்கோ அதுவே பிழைப்பு.

இனி 1986-ஆம் ஆண்டுக்கு வருவோம். பீட்டர் போபாஃப் என்ற அமெரிக்கப் போதகர், நோயாளிகளைத் தொட்டே குணப்படுத்துவதாகக் கூறிப் பெருங்கூட்டம் சேர்த்துக்கொண்டிருந்தார். முன்பின் பார்த்திராத ஒருவரைப் பெயர் சொல்லி அழைப்பார், அவர் குடியிருக்கும் தெருவைச் சொல்வார், நோயையும் சொல்வார். அழைக்கப்பட்டவர் அழுதுவிடுவார். கனடாவில் பிறந்த வித்தைக்காரர் ஜேம்ஸ் ராண்டியும் அவருடைய துணைவர்களும் கூட்டத்தோடு கூட்டமாக அமர்ந்து இதைக் கவனித்தார்கள். போதகரின் காதில் சிறு கருவி ஒன்று இருந்தது. செவிடரையும் குணமாக்குகிறவருக்குச் செவிக்கருவி எதற்கு?

ராண்டி, மின்னணு நிபுணர் ஒருவரைக்கொண்டு அலைகளைத் துழாவச் செய்தார். குரல் அகப்பட்டது, விண்ணுலகத்திலிருந்து அன்று, 39.17 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்! பேசியவர் போதகரின் மனைவி. கூட்டம் தொடங்குமுன் மக்களோடு பேச்சுக் கொடுத்தும், அவர்கள் நிரப்பித் தந்த பிரார்த்தனை அட்டைகளைத் திரட்டியும் விவரங்களைச் சேர்த்துக்கொண்டு, வெளியே நின்ற வண்டியிலிருந்து கணவரின் காதில் அவற்றை வாசித்துக்கொண்டிருந்தார். வானொலியை நம்பி வாழும் நம் போன்றோருக்கு, அந்த நல்ல கருவி இப்படியும் பயன்பட்டது என்பது சற்று வெட்கமாகத்தான் இருக்கிறது.

ராண்டி இன்னொன்றும் செய்தார். தம் துணைவரில் ஓர் ஆணுக்குப் பெண் வேடமிட்டு அனுப்பினார். அந்த 'அம்மையாரின்' கருப்பைப் புற்றுநோயைப் போதகர் போக்கியருளினார்!

இதைக் கேட்டுச் சிரிக்கலாம். சிரிக்க முடியாத பகுதியும் உண்டு. சாத்தானின் பிடியிலிருந்து விடுபட, உங்கள் மாத்திரைகளை மேடைமேல் எறியுங்கள் என்று அப்போதகர் கூறுவது வழக்கம். மக்கள் எறிந்தார்கள். அவற்றில் இருதய நோயாளிகள் நாள்தோறும் உட்கொள்ள வேண்டிய மாத்திரைகளும் இருந்தன. பெயரையும் தெருவையும் சரியாகச் சொன்னவர், நோய் தீர்ந்துவிட்டது என்று சொல்வதும் சரியாகத்தான் இருக்கும் என்று அவர்கள் எண்ணினார்கள். காதுக் கருவி செய்த உண்மையான வேலை இதுதான். ஹூடினி காலத்து மணியோசையால் இத்தனை கேடு நேரவில்லை.

1986-இல் ஜானி கார்சனின் புகழ்பெற்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ராண்டி அந்தப் பதிவை ஒலிபரப்பிக் காட்டினார். போதகரின் உருவமும் மனைவியின் குரலும் ஒருசேர வந்தன. வருமானம் சரிந்து, 1987-இல் போதகர் தம்மைத் திவாலானவர் என்று அறிவித்தார்.

சில ஆண்டுகள் கழித்து அவர் மீண்டும் தொலைக்காட்சியில் தோன்றினார். இம்முறை 'அற்புத ஊற்று நீர்' தருவதாக விளம்பரம். எழுதிக் கேட்டவர்களுக்கு அந்நீர் சிறு பொட்டலத்தில் இலவசமாக வந்தது. நன்கொடை கேட்கும் கடிதங்களும் அதைத் தொடர்ந்து வந்தன.