கியரை மாற்றுவது யார்?

மோட்டார் வண்டிகளில் இருவகை உண்டென்பதை மாணவர்களாகிய நீங்கள் அறிவீர்கள். ஒன்றில் ஓட்டுபவர் இடக்காலால் கிளட்சை மிதித்துக் கையால் கியரை மாற்றுகிறார். மற்றொன்றில் கிளட்சுப் பெடலே இல்லை. தனக்கு வேண்டிய கியரை வண்டியே தேர்ந்துகொள்கிறது. முன்னதைக் கைக்கியர் என்றும் பின்னதைத் தானியங்கி என்றும் இவ்வுரையில் குறிப்பிடுவேன். தெருவில் ஓடும் சாதாரண வண்டிகளில் இவ்விரண்டுள் எது நல்லது என்பது விலையையும் வசதியையும் பொறுத்த கேள்வி. ஆனால் பெருவேகமும் சொகுசும் ஒருங்கே அமைந்த உயர்விலை வண்டிகளில் இது பெரியதொரு வழக்காகவே வளர்ந்துவிட்டது. அவ்வண்டிகளை வாங்கும் நிலையில் நம்மில் பலர் இருக்கமாட்டோம். நான் நிச்சயமாக இல்லை. ஆயினும் அந்த வழக்கு கவனிக்கத் தக்கது. ஒரு வேலையை மனிதனைவிட இயந்திரம் திறம்படச் செய்யத் தொடங்கிய பின்னும், அதைத் தன் கையாலேயே செய்வேன் என்று ஒருவன் பிடிவாதம் செய்கிறான். அவன் கேட்பது எதை என்பதே என் இன்றைய பேச்சு.

முதலில், கியர் எதற்கு? பெட்ரோல் எஞ்சினுக்கு இயற்கையாகவே ஒரு குறை உண்டு. நிமிடத்திற்குச் சில ஆயிரம் முறை சுழலும்போதுதான் அதற்கு முழு வலிமை பிறக்கிறது. மிக மெதுவாகச் சுழன்றால் வலுவிழந்து நின்றேவிடும். வண்டிச் சக்கரமோ நின்ற நிலையிலிருந்து புறப்பட்டாக வேண்டும். பெரும் பாறையைப் புரட்டும்போது நாம் கடப்பாரையின் நுனிக்கருகே பிடித்து அழுத்துகிறோம். கை நெடுந்தூரம் இறங்க, பாறை சிறிதே அசைகிறது, ஆனால் அசைந்துவிடுகிறது. முதற் கியர் அப்படிப்பட்ட நீண்ட கடப்பாரை. வண்டி வேகம் பிடித்தபின் அவ்வளவு நீளம் வேண்டியதில்லை; எனவே இரண்டாவது, மூன்றாவது என்று அடுத்தடுத்த பல்சக்கரங்களுக்கு மாறுகிறோம். ஒவ்வொரு மாற்றத்தின்போதும் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் உள்ள தொடர்பைக் கணநேரம் துண்டிக்க வேண்டும். அதற்குத்தான் கிளட்சு.

பிரான்சு நாட்டில் பானார்-லெவாசர் நிறுவனத்தார் 1890-களின் தொடக்கத்திலேயே இத்தகைய நகரும் பல்சக்கரப் பெட்டியை வண்டியில் அமைத்தனர். அதை இயக்குவது எளிதன்று. வெவ்வேறு வேகத்தில் சுழலும் இரு சக்கரங்களின் பற்களை இணைக்க முயன்றால் அவை நறநறவென்று உராயும். ஆகவே ஓட்டுபவர் கிளட்சை இருமுறை மிதித்து, நடுவே எஞ்சினின் சுழற்சியைக் காதால் கேட்டுச் சரிசெய்து, உரிய கணத்தில் தண்டைத் தள்ள வேண்டியிருந்தது. இதில் தேர்ச்சி பெற மாதக்கணக்கில் பழக வேண்டும்.

இத்தொல்லையைத் தீர்த்தவர் எர்ல் தாம்சன் என்ற அமெரிக்கப் பொறியியலறிஞர். பற்கள் கோத்துக்கொள்வதற்குமுன் இரு பக்கத்துச் சுழற்சியையும் உராய்வினால் சமப்படுத்தும் கூம்புகளை அவர் அமைத்தார். 1928-இல் காடிலாக் வண்டிகளில் அது வந்தது. கைக்கியரை யாவருக்கும் எளிதாக்கிய அதே மனிதர்தான், பின்னர் கைக்கியரே வேண்டியதில்லை என்னும் முயற்சிக்கும் தலைமை தாங்கினார். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் அவருடைய குழுவினர் உருவாக்கிய ஹைட்ராமாட்டிக், 1940-ஆம் ஆண்டின் ஓல்ட்ஸ்மொபைல் வண்டிகளில் பொருத்தப்பட்டது. முன்னோக்கிச் செல்ல நான்கு கியர்கள். கிளட்சுப் பெடல் கிடையாது. அதன்பின் வந்த போரில் அமெரிக்க டாங்கிகள் சிலவற்றிலும் அதுவே பணியாற்றியது.

கிளட்சு இல்லாமல் எஞ்சினும் சக்கரமும் இணைவது எங்ஙனம்? இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வையுங்கள். ஒன்றை மட்டும் ஓடவிட்டால், அது தள்ளும் காற்றினால் மற்றொன்றும் சுழலும். காற்றுக்குப் பதிலாக எண்ணெயை வைத்து, இரண்டையும் ஒரே கூட்டுக்குள் அடைத்துவிட்டால் அதுவே திரவ இணைப்பு. செருமானிய அறிஞர் ஹெர்மன் ஃபெட்டிங்கர் 1905-இல் கப்பல்களுக்காகக் கண்ட உபாயம் இது. இதன் இடையே எண்ணெயைத் திருப்பியனுப்பும் அசையாத இலைகளைச் சேர்த்தால் முறுக்குவிசையையும் பெருக்கலாம்.

சொகுசை நாடியவர்கள் இதனை உடனே வரவேற்றார்கள். எதையும் தம் தொழிற்சாலையிலேயே செய்வதில் பெருமைகொண்ட ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனத்தாரே 1952-இல் அமெரிக்க ஹைட்ராமாட்டிக்கை ஏற்றனர். 1955-இல் வந்த சில்வர் கிளவுட் வண்டியில் தானியங்கியே வழக்கமான அமைப்பாயிற்று. அவ்வண்டியின் உரிமையாளர் பின்னிருக்கையில் அமர்பவர். கியர் மாறுவது அவருக்குத் தெரியவே கூடாது. அங்கே தானியங்கி வென்றது நியாயமே. அதைப்பற்றி எவரும் வழக்காடவுமில்லை.

வழக்கு எழுந்தது விரைவுந்துகளின் பக்கத்தில். எண்ணெய் வழியாகச் செல்லும் விசையில் ஒரு பகுதி நழுவி வெப்பமாக வீணாகும். அக்காலத் தானியங்கிக்குக் கியர்களும் குறைவு. அது மேடு பள்ளத்தை முன்கூட்டிப் பார்ப்பதில்லை. வளைவு வருகிறதென்று அறியாது. கையால் மாற்றுபவனுக்குக் கண்ணுண்டு. வளைவுக்குமுன் ஒரே காலின் நுனியால் பிரேக்கையும் பக்கத்தால் ஆக்ஸிலரேட்டரையும் மிதித்து, இடக்காலால் கிளட்சை இயக்கி, கீழ்க்கியருக்கு வழுக்கிக்கொண்டு இறங்கும் வித்தை அவன் வசம் இருந்தது. ஆகவே தானியங்கி சோம்பேறிகளுக்குரியது என்று விரைவுந்துக்காரர்கள் இகழ்ந்தனர். ஃபெராரி நிறுவனத்தார் 1976-இல் முதன்முதலாக ஒரு தானியங்கி வண்டியை விற்றபோது, அதற்குரிய கியர்ப் பெட்டியை அமெரிக்காவிலிருந்து வாங்கித்தான் வைத்தார்கள். அது விரைவுக்காக வந்ததன்று. நகரத்தில் நால்வர் சௌகரியமாகச் செல்வதற்கு வந்தது.

நிலைமை தலைகீழானது 1989-இல். அவ்வாண்டு பிரேசில் நாட்டுப் பந்தயத்தில் நைஜல் மான்செல் ஓட்டிய ஃபெராரியில் கியர்த்தண்டு இல்லை. ஸ்டியரிங் சக்கரத்தின் பின்னால் இரண்டு சிறு நெம்புகள் இருந்தன. ஒன்று மேலே ஏற்ற, மற்றொன்று கீழே இறக்க. இதனை வடிவமைத்தவர் ஜான் பார்னார்டு. சோதனை ஓட்டங்களில் அடிக்கடி பழுதான அந்த வண்டி பந்தயத்தில் வென்றது. சில ஆண்டுகளில் மற்றவர்களும் அவ்வழியே சென்றனர். 1997-இல் ஃபெராரி 355 வண்டியில் அது பொதுச் சாலைக்கும் வந்தது.

இங்கே ஒன்றை நீங்கள் கவனிக்க வேண்டும். இது முழுத் தானியங்கியன்று. எப்போது மாற்றுவதென்ற முடிவு ஓட்டுபவருடையது. மாற்றும் உழைப்பு மட்டுமே இயந்திரத்தினுடையது. கைக்கியரில் பிரிக்கமுடியாமல் கலந்திருந்த இரண்டும் இதில் பிரிந்தன. ஃபார்முலா ஒன்று பந்தய விதிகளை வகுத்தவர்கள் இவ்வேறுபாட்டை நன்கு உணர்ந்திருந்தார்கள் என்றே நினைக்கிறேன். தாமே முடிவு செய்யும் கியர்ப் பெட்டிகளை 2004-ஆம் ஆண்டு முதல் அவர்கள் தடுத்துவிட்டனர். உழைப்பைக் குறைக்கும் நெம்புகளை மட்டும் விட்டுவைத்தனர்.

அடுத்து வந்தது இரட்டைக் கிளட்சு. ஒற்றைப்படைக் கியர்கள் ஒரு கிளட்சின் பொறுப்பில், இரட்டைப்படைக் கியர்கள் மற்றொன்றின் பொறுப்பில். மூன்றாம் கியரில் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே நான்காம் கியர் ஆயத்தமாகக் கோக்கப்பட்டிருக்கும். ஒரு கிளட்சு விடவும் மற்றது பற்றவும் வேண்டியதுதான். விசை அறுபடுவதே இல்லை. கண்ணிமைக்கும் நேரத்தை ஒரு மாத்திரை என்று நம் இலக்கண ஆசிரியர்கள் அளந்தார்கள். அந்த மாத்திரைக்குள் கியர் மாறி முடிந்துவிடும். போர்ஷ நிறுவனத்தார் 1980-களில் பந்தய வண்டிகளில் இதைச் சோதித்தனர். 2003-இல் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் வண்டியில் அது சாலைக்கு வந்தது. 2005-இல் 1,001 குதிரைச் சக்தி கொண்ட புகாட்டி வேரானில் வந்தது. 2008-இல் போர்ஷ 911-இலும் வந்தது. திரவத் தானியங்கியும் சும்மா இருக்கவில்லை. ஓடத் தொடங்கியதும் எண்ணெய் நழுவாதபடி பூட்டிக்கொள்ளும் கிளட்சும் எட்டுக் கியர்களும் பெற்று, அதுவும் விரைவுந்துகளுக்குத் தகுதியானது.

இனி இவ்வழக்கின் முக்கியமான சாட்சிக்கு வருகிறேன். போர்ஷ 911 வண்டிகளுள் ஜி.டி.3 என்பது பந்தய ஓட்டத்தை மனத்திற்கொண்டு செய்யப்படுவது. 2013-இல் வந்த புதிய ஜி.டி.3-ஐ அந்நிறுவனத்தார் இரட்டைக் கிளட்சுடன் மட்டுமே விற்றனர். கைக்கியரைத் தேர்ந்தெடுக்க வழியில்லை. அவர்களுடைய வாதம் எளியது: இது விரைவுக்காக உள்ள வண்டி, இரட்டைக் கிளட்சு விரைவானது, ஆகவே மற்றது வேண்டியதில்லை. இந்த வாதத்தில் தவறு காண்பது கடினம். ஆனால் வாங்குவோரில் ஒரு சாரார் இதை ஏற்கவில்லை. 2016-இல் அதே நிறுவனத்தார் 911 ஆர் என்றொரு வண்டியைக் கைக்கியருடன் மட்டுமே செய்தனர். மொத்தம் 991 வண்டிகள். கைமாற்றி விற்றவர்கள் அதற்கு அடக்க விலையைப் போலப் பன்மடங்கு கேட்டார்கள், கொடுக்கவும் ஆளிருந்தது. மறு ஆண்டே, 2017-இல், ஜி.டி.3-க்குக் கைக்கியர் திரும்பி வந்தது.

2021-ஆம் ஆண்டு ஜி.டி.3-க்கு நிறுவனத்தாரே தந்த அளவுகளைப் பாருங்கள். நின்ற நிலையிலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட, இரட்டைக் கிளட்சு வண்டிக்கு 3.4 நொடி, கைக்கியர் வண்டிக்கு 3.9 நொடி. அரை நொடிதானே என்று எண்ணவேண்டா. அவ்வேகத்தில் அரை நொடிக்குள் வண்டி ஏறத்தாழ 14 மீட்டர் கடந்துவிடும். அது மூன்று வண்டிகளின் நீளம். கைக்கியர் வண்டி 17 கிலோ எடை குறைந்தது. உச்ச வேகமும் 318-க்குப் பதிலாக 320. இவை சிறு ஆறுதல்களே. பந்தயத் தளத்தில் எது முந்தும் என்பதில் ஐயமில்லை. அறிந்தே மெதுவான வண்டியை, வேகத்துக்கென்றே பெயர்பெற்ற வண்டியில், மனிதர்கள் விலைகொடுத்துத் தேர்கிறார்கள்.

இது வெறும் பழமைப்பற்று என்று சிலர் கூறுவர். விலை உயருமென்று வாங்கிப் பூட்டி வைத்தவர்களும் உண்டு; அவர்களைப் பற்றி எனக்கு அக்கறையில்லை. ஆனால் பழமைப்பற்று மட்டும் காரணமாயின் பின்வரும் செய்தியை விளக்க முடியாது. 2005-இல் செருமனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தார் பத்து சிலிண்டர் கொண்ட எம்-5 வண்டியைத் தாமே கிளட்சை இயக்கும் கியர்ப் பெட்டியுடன் வெளியிட்டனர். மூன்று பெடல்களோடு வேண்டுமென்று வற்புறுத்தியவர்கள் யார் தெரியுமா? அமெரிக்கர்கள். தானியங்கியை உலகுக்கு வழங்கி, அதையே அன்றாடம் ஓட்டும் நாட்டார். அவர்களுக்கென்று தனியாகக் கைக்கியர் எம்-5 செய்யப்பட்டது. நாள்தோறும் நெரிசலில் தானியங்கியில் ஊர்ந்து செல்பவனுக்கே, தன் கைக்கும் காலுக்கும் வேலை தரும் வண்டியின் அருமை தெரிகிறது போலும்.

கைக்கியருக்கு எதிரான வலுவான வாதம் வேகமன்று என்பது என் கருத்து. அது முறுக்குவிசை. எஞ்சின் வலுக்க வலுக்க, அதைப் பற்றி நிறுத்தும் கிளட்சும் பல்சக்கரங்களும் பெருக்க வேண்டும். பெடலும் காலுக்குக் கனக்கும். 2021-இல் வந்த எம்-3 வண்டியில் 550 நியூட்டன்-மீட்டர் உள்ள வகைக்குக் கைக்கியர் உண்டு. 650 உள்ள வகைக்குத் தானியங்கி மட்டுமே. புகாட்டி வேரானின் விசை 1,250. அதனை மனிதக் கால் ஒன்று கிளட்சு மிதித்து அடக்குவதை எண்ணிப் பார்க்கவே இயலாது. ஆகவே மிகப்பெரிய வலிமையை விரும்புகிறவர் தானியங்கியைத்தான் ஏற்கவேண்டும். கைக்கியரை விரும்புகிறவர் சற்று வலிமையைத் துறக்கவேண்டும். கார்டன் மர்ரே 2020-இல் வெளியிட்ட டி.50 வண்டி இவ்வழியைத்தான் மேற்கொண்டது: ஆயிரம் கிலோவுக்கும் குறைந்த எடை, ஆறு கியர், மூன்று பெடல். குறைந்த எடையை இழுக்க அளவுகடந்த விசை தேவையில்லை அல்லவா? பொறியியல் நோக்கில் இதுவே எனக்கு மிகவும் நேர்மையான விடையாகத் தோன்றுகிறது.

இப்போது மின்சார வண்டிகள் வந்திருக்கின்றன. மின்மோட்டார் நின்ற நிலையிலேயே முழு முறுக்குவிசையைத் தரும். எனவே நீண்ட கடப்பாரை அதற்கு வேண்டியதில்லை. போர்ஷ நிறுவனத்தாரின் டைக்கான் வண்டியில், 2019-இல், பின்புற மோட்டாருக்கு இரண்டு கியர்கள் வைத்தார்கள். பெரும்பாலான மின்வண்டிகளுக்கு ஒன்றே போதும். அத்துடன் இவ்வழக்கே தள்ளுபடியாகிவிடும் என்று எதிர்பார்த்தவர்கள் பலர். 2023-இல் கொரிய நாட்டு ஹூண்டாய் நிறுவனத்தார் ஐயானிக் 5 என் என்ற விரைவு மின்வண்டியை வெளியிட்டனர். அதன் ஸ்டியரிங் சக்கரத்தின் பின்னால் இரண்டு நெம்புகள் இருக்கின்றன. இழுத்தால் எட்டுக் கியர்களில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவதுபோல வண்டி குலுங்குகிறது. ஒலிபெருக்கியிலிருந்து எஞ்சின் சுழற்சி ஏறி இறங்கும் ஓசையும் எழுகிறது. அவ்வண்டியில் அந்த எட்டுக் கியர்களுள் ஒன்றுகூட இல்லை.