ஊர் பெயர்ந்த உடைமைகள்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

‘குடிபெயர்தல்’ என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்தார்கள். மனிதர் பெயர்ந்த கதையைப் பலரும் இம்மேடையில் சொல்லியாயிற்று. நான் அவர்தம் சாமான்கள் பெயர்ந்த கதையைச் சொல்ல விழைகிறேன். மனிதர் எப்படியோ வந்து சேர்ந்துவிடுகின்றனர். சாமான்களின் பாடுதான் பெரும்பாடு.

1964-ஆம் ஆண்டில் என் தந்தையாருக்கு மைசூருக்கு மாற்றல் வந்தது. அப்போது எனக்கு வயது பத்து. கும்பகோணத்து வீட்டைக் காலி செய்து, பதினான்கு உருப்படிகளைச் சரக்கு வண்டியில் ஏற்றினோம். பித்தளை அண்டா, ஆட்டுக்கல், மரக்கட்டில், வைக்கோலில் பொதிந்த பீங்கான் ஜாடிகள்; எல்லாவற்றிற்கும் கடைசியாக, பாட்டனாரின் ஏட்டுச் சுவடிகள் அடங்கிய ஒரு தகரப் பெட்டி. தந்தையாரே சாக்குகளைக் கோணி ஊசியால் தைத்தார். தாமே முகவரியும் எழுதினார்.

இரண்டாம் நாள் நாங்கள் மைசூர் வந்து சேர்ந்தோம். சாமான் வர நாற்பத்தொரு நாளாயிற்று. அத்தனை நாளும் எதிர் வீட்டுக் கன்னடத்து அம்மையார் தந்த இரு பாத்திரங்களிலேயே எங்கள் சமையல் நடந்தது. நாள்தோறும் காலையில் அவர் “சாமானு பந்தா?” என்று கேட்பார். நான் கற்ற முதல் கன்னட வாக்கியம் அதுவே!

இத்தாமதத்திற்குக் காரணம் ஆளல்ல, தண்டவாளம் என்பது பின்னாளில்தான் எனக்கு விளங்கிற்று. அந்நாளில் கும்பகோணத்துப் பாதை மீட்டர் பாதை. தண்டவாளங்களுக்கிடையே ஒரு மீட்டர் அகலம். ஜோலார்ப்பேட்டை வழியாகப் பெங்களூர் வரும் பாதையோ ஐந்தடி ஆறங்குல அகலப் பாதை. பெங்களூரிலிருந்து மைசூருக்கு மறுபடியும் மீட்டர் பாதை! ஒன்றில் ஓடும் பெட்டி மற்றொன்றில் ஓடாது. ஆகவே வழியில் இருமுறை ஒவ்வொரு மூட்டையையும் இறக்கி ஏற்றியாக வேண்டும். நேர்வழி உண்டா எனில், மைசூரிலிருந்து தெற்கே செல்லும் இருப்புப் பாதை சாமராஜநகரத்தோடு நின்றுவிட்டது. அதற்கப்பால் காடும், திம்பம் மலைப்பாதையின் இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகளுமே.

வந்தவை பதின்மூன்று. ஜாடிகள் உடைந்து, ஆவக்காய் எண்ணெய் மெத்தையெல்லாம் ஊறியிருந்தது. ஆட்டுக்கல்லுக்கு ஒரு கீறலும் இல்லை. தகரப் பெட்டியைக் காணோம். எங்கே தவறியது என்பது இன்றளவும் தெரியவில்லை. தந்தையார் ‘உடையவர் பொறுப்பு’ என்னும் குறைந்த கட்டணத்தில் அனுப்பியிருந்தார். ஆதலின் கேட்பதற்கும் வாயில்லை. “ஒரு படியாவது எடுத்து வைத்திருக்கலாமே” என்று அவர் ஆயுள் உள்ளவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

இரண்டாண்டுகள் கழிந்து, 1966-இல், இவ்வூருக்கு வேறொரு பெரும் சரக்கு வந்தது. இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு உதகமண்டலத்திலிருந்து மைசூருக்கு மாற்றப்பட்டது. 1886-இல் ஜெர்மானிய அறிஞர் ஹுல்ட்ஸ் கல்வெட்டாய்வாளராக நியமிக்கப்பட்ட நாள்முதல் தென்னாட்டுக் கோயில்தோறும் சென்று எடுத்த மைப்படிகள் அதனோடு வந்தன. கல்லைக் கழுவி, ஈரத்தாளை அதன்மீது ஒட்டி, தூரிகையால் தட்டி எழுத்துப் பள்ளங்களில் பதியச் செய்து, மேலே மை ஒற்றி எடுப்பதே மைப்படி. அவற்றுள் தமிழுக்குரியவை மிகுதி. திருப்பணியின்போது பெயர்த்தெறியப்பட்டும், சுண்ணாம்பு பூசப்பட்டும் கல் அழிந்துபோன இடங்களில் அத்தாள் ஒன்றே சான்று. என் பாட்டனாரின் சுவடிக்கு இல்லாத படி, சோழர் கல்லுக்கு இருக்கிறது!

அவற்றைத் தமிழ்நாட்டிற்குத் திருப்பி அனுப்ப வேண்டும் என்ற வழக்கில், 2021 ஆகஸ்டில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தமிழ் மைப்படிகளைச் சென்னைக்கு மாற்றுமாறு ஆணையிட்டது. அதன்பின் ஒரு பகுதி சென்றும் சேர்ந்தது. அக்காலத்தில் நம் குடியிருப்பில் நடந்த வாக்குவாதம் உங்களுக்கு நினைவிருக்கும். “நம் ஊரின் பெருமை போகிறதே” என்றனர் சிலர். “தமிழ்ச் சொத்து தாய்வீடு போகிறது” என்றனர் வேறு சிலர். என் கருத்தைக் கேட்டால், போவதே நியாயம் என்பேன். தஞ்சாவூர்ப் பக்கத்து மாணவன் தன் ஊர்க் கோயில் எழுத்தைப் பார்க்க மைசூருக்குப் பயணச்சீட்டு வாங்க வேண்டுமா? மைசூரில் இத்தனை ஆண்டு அவற்றைக் காத்தவர்களுக்கு நன்றி சொல்வதும் நம் கடனே.

ஆனால், எங்கே வைப்பது என்று வழக்காடியவர்களில் எத்தனை பேர் எப்படிக் கட்டுவது என்று கேட்டார்கள்? நூறாண்டு கண்ட தாள் மடிப்பிலேயே ஒடியும். ஒவ்வொன்றுக்கும் எண்ணிட வேண்டும். அனுப்புமுன் படம் பிடிக்க வேண்டும். எந்த ஊர், எந்தச் சுவர், எந்த ஆண்டு எடுத்தது என்ற பட்டியல் புறப்படும் இடத்தில் ஒன்றும் சேரும் இடத்தில் ஒன்றும் இருக்க வேண்டும். மூட்டை கட்டுபவனுக்கே இக்கவலை தெரியும்.

தந்தையார் எழுதிய சாமான் பட்டியல் இன்றும் என் மேசை இழுப்பறையில் உள்ளது. பதினான்காம் வரியில் ‘தகரப் பெட்டி – 1’ என்று மட்டும் இருக்கிறது. உள்ளே எத்தனை சுவடி, என்னென்ன சுவடி என்று அவர் எழுதவில்லை.