இரட்டைக் கார்புரேட்டர்: கோளாறு அறியும் முறை



பழைய கார்களில் காணப்படும் இரட்டைக் கார்புரேட்டரைப் பற்றியும், அதில் கோளாறு ஏற்பட்டால் காரணத்தை ஒழுங்காகக் கண்டறியும் முறையைப் பற்றியும் இன்று பேசவிருக்கிறோம். இப்போது விற்பனைக்கு வரும் புதிய கார்களில் கார்புரேட்டர் கிடையாது. அப்படியிருக்க இந்தப் பேச்சு எதற்கு என்று சிலர் கேட்கலாம். கிள்ளான் பள்ளத்தாக்கில் பழைய கார்களைப் பெற்ற பிள்ளையைப் போல் பேணி வருவோர் இன்னும் இருக்கிறார்கள். புதிய காரில் கோளாறு வந்தால் ஒரு கருவியைச் செருகிப் படித்துவிடலாம். பழைய காரில் செருகுவதற்கு இடமே இல்லை. கண், காது, மூக்கு, கை ஆகிய நான்குமே அங்கே கருவிகள். அவற்றைப் பயன்படுத்தத் தெரியாதவரிடம் கார் சிக்கினால், நல்ல கார்புரேட்டர் குப்பைக்குப் போகும், பணம் வீணாகும், கோளாறு மட்டும் அப்படியே இருக்கும். சில சமயம் எஞ்சினே கெட்டுவிடும்.

எடுத்துக்காட்டாக, நம் நாட்டோடு தொடர்புள்ள ஒரு காரையே எடுத்துக்கொள்வோம். ஷா ஆலம் வட்டாரத்தில், ஸ்வீடிஷ் மோட்டார் அசெம்பிளீஸ் என்னும் தொழிற்சாலை 1967ஆம் ஆண்டில் வோல்வோ கார்களைப் பூட்டத் தொடங்கியது. மலேசியாவின் முதல் கார் பூட்டும் தொழிற்சாலை அதுவே. அந்தக் காலத்து வோல்வோ 122 எஸ் காரில் 1,778 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள பி 18 எஞ்சின் இருந்தது. நான்கு சிலிண்டர்கள், அவற்றுக்கு எஸ்.யூ. வகைக் கார்புரேட்டர்கள் இரண்டு.

எஸ்.யூ. என்பது ஸ்கின்னர்ஸ் யூனியன் என்பதன் சுருக்கம். இங்கிலாந்தில் காலணி வணிகம் செய்த ஒரு குடும்பத்தைச் சேர்ந்த ஸ்கின்னர் சகோதரர்கள் இதை உருவாக்கி, 1905இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். முதலில் இதற்குள் இருந்தது தோல் துருத்தி. பிறகுதான் அதன் இடத்தில் உலோகப் பிஸ்டன் வந்தது. 1910இல் தனி நிறுவனமாகி, 1926இல் மோரிஸ் கார்களைச் செய்த வில்லியம் மோரிஸின் கைக்கு மாறியது. எம்.ஜி.பி., மினி கூப்பர் ஆகிய கார்களிலும் இதே வகை இரட்டையாக இருந்தது. ஆகையால் இன்று சொல்லும் முறை அவற்றுக்கும் பொருந்தும். அளவுகள் மட்டும் மாறும். அவற்றை அந்தந்தக் காரின் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கோளாறு அறியும் முன், இது வேலை செய்யும் விதத்தை அறிந்துகொள்வோம். பெட்ரோல் நன்றாக எரிய, எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். எஞ்சின் காற்றை இழுக்கும்போது எஸ்.யூ. கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டன் மேலே எழுகிறது. அதன் அடியில் நுனி சிறுத்த ஓர் ஊசி, ஜெட் என்னும் துளைக்குள் இறங்கி நிற்கிறது. பிஸ்டன் எழுந்தால் ஊசியும் எழும், துளை அகலும், பெட்ரோல் கூடும். காற்று அதிகம் வந்தால் பெட்ரோலும் அதிகம், காற்று குறைந்தால் பெட்ரோலும் குறைவு. பிஸ்டனின் தண்டுக்குள் கொஞ்சம் எண்ணெய் ஊற்றியிருப்பார்கள். மிதியைத் திடீரென்று அழுத்தும்போது பிஸ்டன் துள்ளி எழாமல் அந்த எண்ணெய் தடுக்கும். அந்த ஒரு நொடியில் கலவையில் பெட்ரோல் சற்றுத் தூக்கலாக இருக்கும். கார் தயங்காமல் பாய்வதற்கு அதுவே காரணம்.

ஒன்றே போதாதா, இரண்டு எதற்கு? நான்கு சிலிண்டர்களும் ஒரே வாய் வழியாக மூச்சு வாங்கினால் வேகமாக ஓடும்போது மூச்சு முட்டும். இரண்டு வாய் இருந்தால் தாராளமாக வாங்கலாம். முன் கார்புரேட்டர் பெரும்பாலும் ஒன்றாம், இரண்டாம் சிலிண்டர்களுக்கும், பின் கார்புரேட்டர் மூன்றாம், நான்காம் சிலிண்டர்களுக்கும் ஊட்டுகின்றன. இங்கேதான் நன்மையும் தொல்லையும் சேர்ந்து வருகின்றன. இரட்டை மாட்டு வண்டியை நேயர்கள் பார்த்திருப்பீர்கள். இரண்டு மாடும் ஒத்து நடந்தால் பாரம் தெரியாது. ஒன்று இழுக்க மற்றொன்று பின்வாங்கினால், ஒற்றை மாட்டு வண்டியே மேல் என்று தோன்றும். இரட்டைக் கார்புரேட்டரும் அப்படித்தான்.

இனிக் கோளாறுக்கு வருவோம். ஒரு வோல்வோ கார் நின்ற இடத்தில் குலுங்குகிறது. மிதியை அழுத்தினால் தயங்குகிறது. புகை கறுப்பாக வருகிறது. பெட்ரோல் செலவு கூடிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பலரும் உடனே செய்வது என்ன? திருகாணியை எடுத்துக்கொண்டு கண்ணில் பட்ட திருகையெல்லாம் திருப்புவதுதான். இது தவறு. திருப்பிய பிறகு, எது பழைய கோளாறு, எது நாம் புதிதாக உண்டாக்கியது என்று பிரித்தறிய முடியாது. நோய் இன்னதென்று கண்டு, அதன் காரணத்தையும் கண்டு, பிறகே மருந்து கொடுக்க வேண்டும் என்று திருக்குறளின் மருந்து அதிகாரம் மருத்துவருக்கு வகுத்த ஒழுங்கு பட்டறைக்கும் பொருந்தும்.

முதலில் பாதுகாப்பு. பெட்ரோல் வாடை அடித்தால் எஞ்சினை முடுக்கவே கூடாது. மிதவை அறையின் ஊசி வால்வில் தூசி சிக்கினாலோ, மிதவை ஓட்டையாகி மூழ்கினாலோ பெட்ரோல் நிரம்பி வழியும். வோல்வோவில் கார்புரேட்டர்களும் சூடான புகைக்குழாயும் எஞ்சினின் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. அங்கே பெட்ரோல் சொட்டினால் தீப்பிடிக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. பக்கத்தில் சிகரெட் கூடாது. தீயணைப்புக் கருவி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். கதவை மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓட விடுவதும் கூடாது. அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, ஆளைக் கொன்றுவிடும்.

இரண்டாவதாக, நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, வரிசை மாறாமல் ஒரு பலகைமேல் வைக்க வேண்டும். பரிசோதனையின் உயிர்நாடி இதுவே. பிளக்கின் முனை இளம் பழுப்பாக இருந்தால் கலவை சரி. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெள்ளை பூத்திருந்தால் பெட்ரோல் குறைவு. எண்ணெய்ப் பசை இருந்தால் பிஸ்டன் வளையமோ வால்வோ தேய்ந்திருக்கலாம்.

நிறத்தைப் பார்த்தால் மட்டும் போதாது. எத்தனை பிளக், எந்தெந்தப் பிளக் என்று பார்க்க வேண்டும். ஒரே ஒரு பிளக் மட்டும் மாறியிருந்தால் பெரும்பாலும் கார்புரேட்டர் குற்றவாளி அல்ல. அந்தப் பிளக், அதன் கம்பி, அந்தச் சிலிண்டரின் வால்வு ஆகியவற்றைப் பாருங்கள். நான்கும் ஒரே மாதிரி கெட்டிருந்தால் இரண்டுக்கும் பொதுவானவற்றைப் பாருங்கள்: காற்று வடிகட்டி, சோக் கம்பி, தீப்பொறியின் நேரம், பெட்ரோல் பம்பு. முன் இரண்டு ஒரு நிறமும் பின் இரண்டு வேறு நிறமுமாக இருந்தால்தான் கார்புரேட்டர்கள் ஒத்துப்போகவில்லை என்று முதன்மையாகச் சந்தேகிக்கலாம். இரண்டு பக்கத்தையும் இணைக்கும் வழி ஒன்று உள்ளே இருப்பதால் வேறுபாடு சில நேரம் மங்கலாகத் தெரியும். ஆனாலும் சாட்சி சாட்சிதான்.

மூன்றாவதாக, தீப்பொறியும் வால்வும். கார்புரேட்டர் கோளாறு என்று பட்டறைக்கு வருவதில் பல, உண்மையில் பாயிண்ட் தேய்ந்ததாலோ, கண்டென்சர் கெட்டதாலோ வருபவை. பாயிண்ட் இடைவெளி, டைமிங், வால்வு இடைவெளி, நான்கு சிலிண்டர்களின் அழுத்தம் ஆகியவற்றைக் கையேட்டின்படி முதலில் சரிசெய்ய வேண்டும். ஒரு சிலிண்டரில் அழுத்தமே இல்லாதபோது எந்தக் கார்புரேட்டரைத் திருகினாலும் குலுக்கம் போகாது.

நான்காவதாக, திருட்டுக் காற்று. கார்புரேட்டர் வழியாக வராமல் வேறு சந்தில் நுழையும் காற்றையே இப்படிச் சொல்கிறோம். மேனிபோல்ட் கேஸ்கெட் கிழிந்தாலோ, திராட்டில் தண்டு தேய்ந்து ஆடினாலோ இது நேரும். தண்டைக் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். இணைப்பு இடங்களில் சிறிது மெல்லிய எண்ணெய் விட்டால், ஓட்டை உள்ள இடத்தில் எஞ்சினின் ஒலி மாறும். பெட்ரோலை ஊற்றிப் பார்க்கும் துணிச்சல் மட்டும் வேண்டாம்.

ஐந்தாவதாக, ஒவ்வொரு கார்புரேட்டரையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். எஞ்சினை நிறுத்திப் பிஸ்டனை மேலே தூக்கி விடுங்கள். ‘டக்’ என்ற ஒலியோடு தடையின்றி விழ வேண்டும். பல மாதம் ஓடாமல் நின்ற காரில் பெட்ரோல் உலர்ந்து பிசினாகிப் பிஸ்டனைப் பிடித்துக்கொள்ளும். துடைத்துச் சுத்தம் செய்தாலே பாதி நோய் தீர்ந்துவிடும். தண்டுக்குள் எண்ணெய் இருக்கிறதா என்றும் பாருங்கள். மிதித்தவுடன் கார் தயங்கினால், அந்தச் சிறிது எண்ணெய் இல்லாததே காரணமாக இருக்கலாம். சோக்கை உள்ளே தள்ளியதும் இரண்டு ஜெட்டும் முழுமையாக மேலே திரும்புகின்றனவா என்றும் கவனியுங்கள். ஒன்று பாதியில் நின்றால் அந்தப் பக்கம் மட்டும் கரி கக்கும்.

இவையெல்லாம் சரியான பிறகே திருகுகளில் கை வைக்கலாம். எஞ்சின் நன்றாகச் சூடாகியிருக்க வேண்டும். இரண்டு திராட்டிலையும் பிணைக்கும் இணைப்பைத் தளர்த்திவிடுங்கள்; அதாவது, நுகத்தடியைக் கழற்றி ஒவ்வொரு மாட்டையும் தனியே பாருங்கள். காற்று வடிகட்டிகளை எடுத்துவிட்டு, ஓர் இரப்பர்க் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைக் கார்புரேட்டரின் வாயருகிலும் வையுங்கள். ‘உஸ்’ என்ற ஒலி கேட்கும். இரண்டிலும் அந்த ஒலி ஒன்றாகும்வரை திராட்டில் திருகைச் சிறிது சிறிதாகத் திருப்புங்கள். காற்றை அளக்கும் கருவி இருந்தால் இன்னும் நன்று. முதலில் காற்றைச் சமப்படுத்த வேண்டும். பெட்ரோல் அதற்குப் பிறகு. இந்த வரிசை மாறக்கூடாது.

பெட்ரோலை மாற்றுவது ஜெட்டின் அடியில் உள்ள அறுகோண நட்டு. மேலே ஏற்றினால் பெட்ரோல் குறையும். கீழே இறக்கினால் கூடும். ஒரு தடவைக்கு ஒரு பட்டை, அதாவது ஆறில் ஒரு சுற்று மட்டுமே திருப்ப வேண்டும். பிறகு ஒரு பக்கத்துப் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்கிப் பாருங்கள். எஞ்சின் வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். வேகம் குறைந்தாலோ எஞ்சின் நின்றாலோ பெட்ரோல் குறைவு. ஒரு கணம் இலேசாகக் கூடிப் பழைய நிலைக்கு வந்தால் கலவை சரி. மறுபக்கத்திலும் இதையே செய்யுங்கள். ஒன்றைத் தொட்டால் மற்றது மாறும். ஆகவே காற்றையும் பெட்ரோலையும் மறுபடி ஒருமுறை பார்ப்பது அவசியம்.

கடைசியாக இணைப்பை இறுக்க வேண்டும். மிதியை அழுத்தும்போது இரண்டு திராட்டிலும் ஒரே நேரத்தில் திறக்க வேண்டும். நின்ற இடத்தில் அருமையாக ஓடிய கார் சாலையில் உதறினால் இந்த இணைப்பைச் சந்தேகியுங்கள். கூட்டரசு நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டுப் பிளக்குகளை மீண்டும் பாருங்கள். நான்கும் ஒரே பழுப்பாக இருந்தால் வேலை முடிந்தது.

நம் ஊர் வெயிலுக்குரிய ஒரு கோளாறையும் சொல்லிவிடுகிறோம். பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் நண்பகல் நெரிசலில் கார் ஊர்ந்து வந்து நின்றுவிடுகிறது. சற்று நேரம் ஆறிய பிறகு ஒன்றும் நடவாததுபோல் ஓடுகிறது. இது பெரும்பாலும் சூட்டில் பெட்ரோல் ஆவியாவதால் வருவது. இதற்காகக் கலவையை மாற்றாதீர்கள். வெப்பத் தடுப்புத் தகடு இருக்கிறதா, பெட்ரோல் குழாய் புகைக்குழாயை ஒட்டிப் போகிறதா, எஞ்சின் குளிர்விக்கும் அமைப்பு சரியாக உள்ளதா என்று பாருங்கள். பெட்ரோல் குறைந்த கலவையில் நெடுந்தூரம் ஓட்டினால் வால்வும் பிஸ்டனும் கருகிவிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

நேயர்களே, இன்று கூறியவற்றைச் சுருக்கிச் சொல்கிறோம். முதலில் கசிவு, அடுத்து பிளக் காட்டும் சாட்சி, பிறகு தீப்பொறியும் வால்வும், பிறகு திருட்டுக் காற்று, பிறகு பிஸ்டன், எண்ணெய், சோக், பிறகு காற்றின் சமநிலை, அதன்பின் பெட்ரோல், முடிவில் இணைப்பு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மாற்றியதைத் தாளில் குறித்துக்கொள்ள வேண்டும்.

பட்டறைத் தொழிலுக்குப் போகும் நம் இளைஞர்கள் இந்த ஒழுங்கைப் பழகிக்கொண்டால், அது பழைய காரோடு முடிந்துபோகாது. கணினி பொருத்திய காரிலும் கருவி காட்டுவது அறிகுறியைத்தான்; காரணத்தைக் காண்பது மனிதனின் வேலை. வீட்டில் பழைய கார் வைத்திருக்கும் பெரியவர்கள், இந்த விடுமுறையில் பிள்ளைகளைப் பக்கத்தில் நிறுத்தி, அந்த நான்கு பிளக்குகளையும் கழற்றி வரிசையாக வைத்துக் காட்டுங்கள். எது என்ன நிறம், ஏன் அந்த நிறம் என்று அவர்களையே சொல்லச் சொல்லுங்கள்.