வீடு கட்டுறப்போ தெருவையும் பாருங்க
(கூட்டமைப்பின் ஆண்டு விழாக் கூட்டத்தில் பேசியது)



சேமிப்பு, கடன், வட்டி இதைப் பத்தி என்னைவிட நல்லாப் பேசுறவங்க இங்கே நிறையப் பேர் இருக்கீங்க. நான் வீடு கட்டுற இடத்தைப் பத்திப் பேசுறேன். இன்னைக்கு பாப்பாரப்பட்டியைச் சுத்தி எந்த ஊருக்குப் போனாலும் ஒரு வீடாவது ஏறிக்கிட்டு இருக்கு. கலைஞர் கனவு இல்லத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3 லட்சத்து 50 ஆயிரம்னு 2024-ல் அறிவிச்சாங்க. பிரதமர் வீடு ஒரு பக்கம். அதுவும் பத்தாம குழுவில் கடன் வாங்கித்தான் பூச்சு வேலை முடியுது. அந்தக் கடனுக்குக் கையெழுத்துப் போடுறது யாரு? நாமதான்.

1989-ல் தமிழ்நாட்டிலேயே முதன்முதலா மகளிர் குழு ஆரம்பிச்சது நம்ம தருமபுரி மாவட்டத்தில். அன்னைக்கு வங்கி வாசப்படி ஏறவே பயந்த பொம்பளைங்க இன்னைக்கு மேனேஜர் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசுறோம். ஆனா கடைக்கால் தோண்டின நாளிலிருந்து மேஸ்திரிகிட்டப் பேசுறது எல்லாம் வீட்டு ஆம்பளைங்க. நாம டீ கொண்டு போய்க் கொடுக்கிறதோட சரி. கடன் நம்ம பேரில் இருக்கிறப்போ வேலை நடக்கிற முறையைப் பத்திப் பேசவும் நமக்கு உரிமை இருக்குன்னு நான் நினைக்கிறேன்.

முதல்ல ஜல்லியும் மணலும். டிப்பர்காரர் வருவார், தெருவில் கொட்டிட்டுப் போயிடுவார். போன வருஷம் எங்க தெருவில் அப்படித்தான் கொட்டினாங்க. விடியக்காலையில் சொசைட்டிக்குப் பால் ஊத்தப் போனவர் வண்டியோட வழுக்கி விழுந்தார். பாலும் போச்சு, முழங்காலும் போச்சு. வீட்டுக்காரங்க கெட்டவங்க இல்லை, பாவம், ஓடி வந்து தூக்கினாங்க. ஆனா முதல் நாள் சாயந்திரமே நாலு செங்கல்லை ஓரமா அடுக்கி, ஒரு வெள்ளைச் சாக்கைக் குச்சியில் கட்டி நட்டிருந்தா அவர் தூரத்திலேயே பார்த்திருப்பார். ஒரு யூனிட்டுன்னா 100 கன அடி. தெருவில் கொட்டி, மழையில் சாக்கடைக்குப் போனது போக, மிச்சத்தைத்தான் நாம அள்ளுறோம். சாக்கடை அடைச்சா கொசு வர்றது பக்கத்து வீட்டுக்கு மட்டுமா? மூணு பக்கம் செங்கல் அடுக்கி, மேலே ஒரு தார்ப்பாய் போட்டா நம்ம காசும் மிச்சம்.

சில வீட்டில் பணம் தீர்ந்து வேலை நின்னு போச்சுன்னா அந்தக் குவியல் வருஷக்கணக்கா அங்கேயே கிடக்கும், முள்ளுச் செடி கூட முளைச்சிடும். நம்ம ஊரில் சுப்பிரமணிய சிவா பாரத மாதா கோயிலுக்கு 1923-ல் சித்தரஞ்சன் தாஸை வெச்சு அடிக்கல் நாட்டினார். நினைவாலயமா அது எழும்பினது சில வருஷம் முன்னாடிதான். அது நாட்டுக்காகக் காத்திருந்த கல். நம்ம ஜல்லி அந்த மாதிரிக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு கட்ட வேலைக்கும் எவ்வளவு வேணுமோ அவ்வளவு இறக்கச் சொல்லுங்க. சிமெண்டும் அப்படித்தான், மூணு மாசம் தாண்டினா வலு குறையும்.

அடுத்தது தண்ணி. இதை நான் கொஞ்சம் விரிவாச் சொல்லணும். நம்ம மாவட்டத்து நிலத்தடித் தண்ணியில் ஃபுளோரைடு அதிகம். பல்லில் கறை படிஞ்ச பிள்ளைகள் நம்ம எல்லார் வீட்டிலும் இருந்தாங்க. அதுக்காகத்தான் ஜப்பான் கடனுதவியோட 1,900 கோடிக்கு மேல செலவு பண்ணி ஒகேனக்கல் தண்ணியைக் கொண்டு வந்தாங்க, 2013-ல் திட்டம் தொடங்கினது. அந்தத் தண்ணியைக் குழாயில் ஓஸ் மாட்டி சுவத்துக்கு அடிக்கிறதைப் பார்த்தா எனக்கு வயிறு எரியுது. அன்னைக்குக் கடைசி வீட்டில் ஒரு குடம் கூட நிரம்பாது. கட்டட வேலைக்கு போர் தண்ணியோ கிணத்துத் தண்ணியோ பிடிச்சு வெச்சுக்கணும்.

தண்ணி அடிக்கிறதிலும் முறை இருக்கு. சிமெண்ட் வேலைக்கு ஈரம் கட்டாயம் வேணும், தளம் போட்டா குறைஞ்சது 7 நாள். இப்போ கடையில் அதிகமா விக்கிற சாம்பல் கலந்த சிமெண்டுக்கும் நம்ம வெயிலுக்கும் 10 நாள். ஆனா ஈரம் காயாம இருக்கணுமே தவிர, தண்ணி தெருவில் ஓடணும்னு இல்லை. தளத்தில் கலவையால் பாத்தி கட்டித் தண்ணி தேக்கணும். தூணுக்கும் சுவத்துக்கும் சணல் சாக்கைச் சுத்தி நனைச்சு விட்டா போதும், வெயிலில் கூட ரொம்ப நேரம் ஈரம் நிக்கும். கலவையில் ஊத்துற தண்ணிக்கும் அளவு இருக்கு. தளத்துக்குப் போடுற 1:1½:3 கலவையில் 50 கிலோ மூட்டைக்கு 30 லிட்டர் தாண்டக் கூடாது. தள்ள லேசா இருக்குதுன்னு தண்ணியை அதிகமா ஊத்தினா தளம் வலு இல்லாம போயிடும். பக்கெட்டால் அளந்து ஊத்தச் சொல்லுங்க. கூடவே, தண்ணி பிடிச்சு வெச்ச தொட்டியை வாரத்துக்கு ஒரு தடவை காலி பண்ணித் தேய்ச்சுக் கழுவணும். டெங்கு கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும்.

இப்போ சித்தாள்கள். இதைச் சொல்லத்தான் நான் முக்கியமா வந்தேன். நம்ம ஊர்ப் பக்கத்திலிருந்து எத்தனை பேர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போறாங்கன்னு உங்களுக்கே தெரியும். இந்தக் கூட்டத்திலேயே போயிட்டு வந்தவங்க இருக்கீங்க. அங்கே ஒதுங்க இடம் இல்லாம, இருட்டுற வரைக்கும் அடக்கிக்கிட்டு இருந்ததை எல்லாம் சொல்லி அழுதிருக்கீங்க. அதே நாம, நம்ம வீட்டு வேலைக்கு வர்ற சித்தாள் எங்கே போறாள்னு கேட்டிருக்கோமா? அவங்க காலையில் வர்றப்பவே தண்ணி குடிக்காம வர்றாங்க. வெயிலில் கல் சுமந்து, தண்ணியும் குடிக்காம, சிறுநீர்க் கடுப்பும் கல்லும் வந்து ஆஸ்பத்திரிக்கு அலையிறது யாரு? அவங்களும் ஏதோ ஒரு குழுவில் நம்ம மாதிரி உறுப்பினர்தான்.

வீட்டுக்குக் கழிப்பறை எப்படியும் கட்டித்தான் ஆகணும். அதைக் கடைசியில் கட்டாம முதல்ல கட்டுங்க. செலவு ஒரு ரூபாய் கூடாது, முன்னாடி செய்றது மட்டும்தான். அது முடியலைன்னா நாலு கம்பு, தகரம், ஒரு கதவு, ஒரு பக்கெட் தண்ணி. மண் பானையில் குடிக்கத் தண்ணி. சிமெண்ட் கலவையை வெறுங்கையால் அள்ளினா தோல் வெந்து போயிடும், அதுக்கு ரப்பர் கையுறை. கைக்குழந்தையோட வர்ற பெண்ணுக்குத் தூளி கட்ட ஒரு நிழல். கூலியை சனிக்கிழமை சாயந்திரம் அவங்க கையிலேயே கொடுக்கணும், சந்தைக்குப் போறவங்க காத்துக்கிட்டு நிக்கக் கூடாது. இன்னொன்னும் கேளுங்க: கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிஞ்சிருக்கீங்களா? பதிஞ்சா பிள்ளைங்க படிப்புக்கு உதவி, விபத்துக்கு உதவி, 60 வயசுக்கு மேல பென்ஷன் எல்லாம் இருக்கு. நம்ம குழுக்களிலேயே பதியாதவங்க இருக்காங்க, இது நமக்கு வெட்கம்.

சத்தத்தைப் பத்திச் சுருக்கமாச் சொல்லிடறேன். டைல்ஸ் அறுக்கிற மிஷினைக் காலை 9 மணிக்கு மேல போட்டு, சாயந்திரம் 5 மணிக்கு நிறுத்தச் சொல்லலாம். தண்ணி விட்டு அறுத்தா தூசியும் பறக்காது, அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. மார்ச்சில் பத்தாவது, பன்னிரண்டாவது பரீட்சை. தெருவில் எந்த வீட்டில் பிள்ளை படிக்குதுன்னு நமக்குத் தெரியாதா? இழவு விழுந்தா மேளம் நிறுத்துறோம், மிஷினையும் ஒரு நாள் நிறுத்தலாமே.

குழி விஷயம் அப்படி இல்லை, அது உயிர்ப் பிரச்சினை. 2019-ல் மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் மூடாத ஆழ்துளைக் கிணத்தில் 2 வயசுக் குழந்தை விழுந்து, தீபாவளியைக் கூட மறந்து நாம எல்லாரும் டிவி முன்னாடி அழுதோம். போர் போட்டுத் தண்ணி வரலைன்னா அன்னைக்கே மூடி போட்டு அடைக்கணும். செப்டிக் டேங்க் குழி, கடைக்கால் குழி எதையும் சாயந்திரம் திறந்து விட்டுட்டு வரக் கூடாது. வேலை முடிஞ்சதும் ஒரு சுத்து போய்ப் பார்க்கிறது வீட்டுக்காரி வேலைன்னு வெச்சுக்கலாம்.

பழைய வீட்டை இடிக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. நாட்டு ஓடு, வாசக்கால், மரச் சட்டம் இதெல்லாம் ஒரே லாரியில் தள்ளிவிடுறாங்க. பிரிச்சு எடுத்தா விலைக்குப் போகும், இல்லைன்னா நம்ம வீட்டுக்கே ஆகும். செங்கல் உடைசலையும் சுவத்து மண்ணையும் தரை நிரப்பப் போட்டு இடிக்கலாம். கடைக்கால் தோண்டுறப்போ வர்ற மேல்மண் நல்ல செம்மண், அதைத் தனியா ஒதுக்கி வெச்சா கீரைப் பாத்திக்கு ஆகும். மிச்சத்தை ஏரி வாய்க்காலில் கொண்டு போய்க் கொட்டக் கூடாது. ரோட்டிலும் சாக்கடையிலும் கட்டடக் கழிவு கொட்டக் கூடாதுன்னு 2016-லேயே மத்திய அரசு விதி போட்டிருக்கு. சிமெண்ட் சாக்கு, பைப்புத் துண்டு இதையெல்லாம் எரிக்கவும் வேண்டாம். மண் சுவர்னாலே ஏழை வீடுன்னு சிரிக்கிறவங்க நம்ம மாவட்டத்து நாகர்கூடலில் இருக்கிற புவிதம் பள்ளியை ஒரு தடவை போய்ப் பாருங்க. கட்டடக்கலை படிச்ச மீனாட்சி அம்மா ஆரம்பிச்சது, அங்கே மண்ணால் கட்டின கட்டடத்தில் பிள்ளைங்க படிக்கிறாங்க.

இதெல்லாம் கேட்டா மேஸ்திரி என்ன சொல்வார்னு எனக்குத் தெரியும். "அம்மா, இவ்வளவு சட்டம் பேசினா வேற ஆளைப் பாருங்க"ன்னு சொல்வார். ஒருத்தி கேட்டா அப்படித்தான் சொல்வார். கூட்டமைப்பில் இருக்கிற அத்தனை குழுவும் ஒரே மாதிரிக் கேட்டா எந்த ஊருக்குப் போய் வேலை பார்ப்பார்? அதனால் ரெண்டு விஷயத்தைக் கோரிக்கையா வைக்கிறேன். வீடு கட்டக் கடன் கொடுக்கிறப்போ, கடன் விண்ணப்பத்தோட ஒரு அரைப் பக்கத் தாள் சேர்க்கணும். சித்தாளுக்குக் கழிப்பறை, மூடின குழி, தெருவை அடைக்காத குவியல், வேலை நேரம், இந்த நாலும் எழுதி மேஸ்திரியும் வீட்டுக்காரியும் கையெழுத்துப் போடணும். இரண்டாவது, கூட்டமைப்புப் பணத்தில் தார்ப்பாய், சணல் சாக்கு, கழிப்பறைக்குத் தகரத் தட்டி, குழி மூடுற பலகை எல்லாம் ஒரு செட் வாங்கி, வீடு கட்டுறவங்களுக்குக் குறைஞ்ச வாடகைக்கு விடணும். பந்தல் பாத்திரம் வாடகைக்கு விடுற மாதிரிதான். வாடகை சேர்ந்தா அடுத்த செட்.

தாளை எழுதித் தலைவி அக்காகிட்டக் கொடுத்திருக்கேன். அடுத்த மாசக் கூட்டத்தில் தீர்மானத்துக்கு வருது. அதில் சேர்க்கணும், எடுக்கணும்னு தோணுறதை அன்னைக்கு வந்து சொல்லுங்க. இந்த வருஷம் வீடு ஆரம்பிக்கிறவங்க யார் யார்னு சாப்பாட்டுக்கு அப்புறம் எங்கிட்டப் பேர் கொடுங்க, எத்தனை செட் வேணும்னு கணக்குப் பார்க்கணும்.