பட்டமும் பயிற்சியும் தொண்டும்

(வணிகவியல், மேலாண்மையியல் பயிலும் மாணவ மாணவியருக்காக நமது ஜமாஅத் ஏற்பாடு செய்த கல்வி வழிகாட்டி நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)



முன்பெல்லாம் வணிகம் கடையிலேயே கற்கப்பட்டது. பள்ளிவிட்டு வந்த பிள்ளை கல்லாப்பெட்டிக்கு அருகில் அமர்ந்தான். வந்த சரக்கை எண்ணினான். பற்று வரவு எழுதினான். கடன் கேட்டு வருவோரின் முகக்குறிப்பை அறிந்துகொண்டான். பத்தாண்டுகளில் அவன் வணிகனானான். இன்று அதே பிள்ளை கல்லூரியில் பயின்று பி.காம்., பி.பி.ஏ., எம்.பி.ஏ. எனப் பட்டம் பெறுகிறான். நம் பெண்மக்களும் அவ்வாறே பயில்கின்றனர். இது மகிழ்ச்சிக்குரிய மாற்றமே. எனினும், கல்லூரி தரும் கல்வியுடன் அன்று கடை தந்த கல்வியும் சேர வேண்டாமா? அது சேர்வதற்கு இன்று இரண்டு வாயில்கள் திறந்துள்ளன. ஒன்று, இன்டர்ன்ஷிப் என்று கூறப்படும் நிறுவனப் பயிற்சி. மற்றொன்று, ஊதியம் கருதாத சமூகத் தொண்டு.

முதலில் பயிற்சியைப் பார்ப்போம். நம் நாட்டில் இதற்குச் சிறந்த முன்மாதிரி பட்டயக் கணக்காளர் கல்வியாகும். 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த பட்டயக் கணக்காளர் நிறுவனம், ஒருவர் தேர்வில் எத்துணை மதிப்பெண் பெற்றாலும், அனுபவமுள்ள கணக்காளரிடம் பயிற்சி முடிக்காதவரை அவரை உறுப்பினராக ஏற்பதில்லை. ‘ஆர்ட்டிகிள்ஷிப்’ எனும் அப்பயிற்சி முன்னர் மூன்றாண்டுகள் இருந்தது. 2023 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய திட்டத்தில் இரண்டாண்டுகளாயிற்று. காலம் குறைக்கப்பட்டதே தவிரப் பயிற்சி தேவையில்லை என்று எவரும் கூறவில்லை.

ஏன் இந்தக் கண்டிப்பு? பாடநூலில் வரும் கணக்கு முழுமையாக வருகிறது. கடையில் வரும் கணக்கோ கசங்கிய பில்லாகவும், தேதியில்லாத துண்டுச் சீட்டாகவும் வருகிறது. ஓர் உதாரணம் கூறுகிறேன். 2017 ஜூலை முதல் ஜி.எஸ்.டி. நடைமுறையில் உள்ளது. மாதந்தோறும் கணக்குத் தாக்கல் செய்யும் வணிகர், தம் விற்பனை விவரத்தை அடுத்த மாதம் 11ஆம் தேதிக்குள்ளும், வரி அறிக்கையை 20ஆம் தேதிக்குள்ளும் அளிக்க வேண்டும். விற்றவர் ஒரு பில்லைத் தம் விவரத்தில் சேர்க்கத் தவறினால், அதை வாங்கியவர் தாம் செலுத்திய வரிக்குரிய வரவைப் பெற இயலாமல் தவிப்பார். தவறியவர் ஒருவர், நட்டப்படுபவர் மற்றொருவர். தேர்வுத் தாளில் பிழை செய்தால் நமக்கு இரண்டு மதிப்பெண் குறையும். அலுவலகத்தில் பிழை செய்தால் யாரோ ஒரு கடைக்காரரின் முதல் முடங்கும். இந்த உணர்வை ஒரு மாதப் பயிற்சியும் ஊட்டிவிடும்.

அடுத்து, தொண்டு. காந்தியடிகளின் நூற்றாண்டை ஒட்டி 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கப்பட்டது. அதில் சேரும் மாணவர் இரண்டாண்டுகளில் 240 மணி நேரம் தொண்டாற்ற வேண்டும். ஏழு நாள் சிறப்பு முகாமிலும் பங்கேற்க வேண்டும். “மரம் நடுவதற்கும் தெருவைத் தூய்மை செய்வதற்கும் வணிகப் படிப்புக்கும் என்ன தொடர்பு?” என்று சில பிள்ளைகள் வினவுகின்றனர்.

அவர்களுக்கு நம் தமிழகத்திலேயே நிகழ்ந்த ஒன்றை நினைவூட்டுகிறேன். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கியபின், நாகப்பட்டினத்திற்கு நாடெங்கிலுமிருந்து பழைய துணிகள் மூட்டை மூட்டையாக வந்து சேர்ந்தன. அனுப்பியோரின் நல்லெண்ணத்தில் ஐயமில்லை. ஆனால் அங்குள்ள மக்களுக்கு எது தேவை என்று கேட்டு அனுப்பியோர் சிலரே. பயன்படாத துணிகள் சாலையோரங்களில் குவிந்து கிடந்தன. ‘கூஞ்ச்’ எனும் தொண்டு நிறுவனம், அவ்வாறு ஒதுக்கப்பட்ட துணிகளைத் தரம் பிரித்துப் பயனுள்ளவையாக்கும் பணியில் இறங்கியது. அந்நிறுவனத்தை 1999இல் தொடங்கிய அன்ஷு குப்தாவுக்கு 2015இல் மகசேசே விருது வழங்கப்பட்டது.

மாணவர்களே! தேவையைக் கணித்தல், சரக்கு இருப்பு, விநியோகம் என்று நீங்கள் வகுப்பில் படிக்கும் பாடம் இதுதானே? கடையில் தேவை அறியாமல் சரக்கு வாங்கினால் பணம் முடங்கும். நிவாரணத்தில் தேவை அறியாமல் பொருள் அனுப்பினால் பசித்தவர் பசியோடிருப்பார். யாருக்கு எது, எவ்வளவு, எப்போது என்று கேட்கும் பழக்கத்தைத் தொண்டைவிட நன்கு கற்பிக்கும் ஆசான் இல்லை.

பயிற்சியையும் தொண்டையும் ஒரே பணியில் இணைத்த முன்னுதாரணமும் உண்டு. இன்று கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம், நார்த்ரிட்ஜ் எனப்படும் கல்விக்கூடத்தில், 1971இல் கணக்கியல் மாணவர்கள் எளிய மக்களுக்கு வருமான வரிப் படிவங்களை இலவசமாக நிரப்பிக் கொடுக்கத் தொடங்கினர். ‘வீட்டா’ எனும் அத்திட்டம் பின்னர் அமெரிக்கா முழுவதும் பரவியது. இதில் நாம் கவனிக்க வேண்டிய இரண்டு ஒழுங்குகள் உள்ளன. படிவம் நிரப்ப விரும்பும் தொண்டர் முதலில் தேர்வெழுதித் தகுதி பெற வேண்டும். ஒருவர் நிரப்பிய படிவத்தை மற்றொருவர் சரிபார்த்த பிறகே அனுப்ப வேண்டும். “இலவசமாகத்தானே செய்கிறோம், பிழையிருந்தால் என்ன?” என்ற எண்ணத்திற்கு அங்கே இடமில்லை. ஏழையின் படிவமும் ஓர் அமானிதமே.

இது நம் மஹல்லாவில் இயலாததா? சிறு தொழில் செய்வோருக்கான ‘உத்யம்’ பதிவு 2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளது. அதற்கு அரசுக் கட்டணம் எதுவுமில்லை. இருந்தும், விவரமறியாமல் இடைத்தரகரிடம் பணம் கொடுத்துப் பதிவு செய்வோர் உள்ளனர். தையற்கடை வைத்திருக்கும் சகோதரிக்கும், பழ வண்டி தள்ளும் சகோதரருக்கும் இப்பதிவைச் செய்து கொடுக்கவும், வரவு செலவை ஒரு நோட்டில் எழுதப் பழக்கவும் வாரத்தில் இரண்டு மணி நேரம் போதும். கல்வி உதவித்தொகைப் படிவங்களையும் அதே மேசையில் நிரப்பிக் கொடுக்கலாம். மூத்த மாணவர் சரிபார்க்க, இளைய மாணவர் எழுதட்டும். மாணவியர் அமர்ந்து பெண்களுக்கு உதவத் தனி இடமும் நேரமும் ஒதுக்கப்படட்டும்.

இங்கே ஒரு தீமையைச் சுட்டிக்காட்டாமல் இருக்க இயலவில்லை. ஒரு நாளும் வேலைக்குச் செல்லாமல், தெரிந்தவரின் நிறுவனத்தில் “பயிற்சி முடித்தார்” என்று சான்றிதழ் வாங்கும் வழக்கம் பல இடங்களில் காணப்படுகிறது. கேட்கும் மாணவரும், கையொப்பமிடும் வணிகரும், அதற்குத் துணை நிற்கும் பெற்றோரும் இதை உதவி என்று கருதுகின்றனர். சிந்தித்துப் பாருங்கள்! கணக்கு என்பதே உண்மையை எழுதும் கலை. அக்கலையைக் கற்க வந்தவரின் முதல் ஆவணமே பொய்யானால், நாளை அவர் எழுதும் பேரேட்டை எவர் நம்புவார்? நேர்காணலில் இரண்டு கேள்விகளிலேயே அது வெளிப்பட்டுவிடும். வெளிப்படாவிட்டாலும், கற்றிருக்க வேண்டிய ஒரு மாதம் அவர் வாழ்வில் வெற்றிடமாகவே நிற்கும். புகைப்படம் எடுத்துக்கொண்டவுடன் கலைந்து செல்லும் தொண்டும் இத்தகையதே.

எனவே மூன்று தரப்பினருக்கும் என் வேண்டுகோள்.

வணிகப் பெருமக்களே! ஆண்டுக்கு இரண்டு மாணவருக்கேனும் உங்கள் நிறுவனத்தில் இடமளியுங்கள். அவர்களைத் தேநீர் வாங்கி வரவும் நகலெடுக்கவும் மட்டும் பயன்படுத்தாதீர்கள். பில் எழுதுதல், இருப்புச் சரிபார்த்தல், வங்கிக் கணக்குடன் ஒப்பிடுதல் ஆகியவற்றை உடனிருந்து கற்பியுங்கள். 2024 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய பிரதமர் பயிற்சித் திட்டத்தில் மாதம் 5,000 ரூபாய் உதவித்தொகை அறிவிக்கப்பட்டது. பயிற்சி பெறுபவருக்கும் செலவுண்டு என்பதை அது ஒப்புக்கொள்கிறது. உங்களால் இயன்றளவு வழிச்செலவேனும் கொடுங்கள். வராதவருக்குச் சான்றிதழ் தராதீர்கள்.

பெற்றோர்களே! விடுமுறையில் பிள்ளை கடைக்கோ தொண்டுக்கோ செல்வதை வீண் என்று தடுக்காதீர்கள்.

மாணவச் செல்வங்களே! பயிற்சிக்குச் செல்லும்போது ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். அன்று செய்த வேலை, செய்த பிழை, அதைத் திருத்தியவர் கூறிய காரணம் ஆகிய மூன்றையும் நாள்தோறும் எழுதுங்கள். தொண்டுக்குச் செல்லும்போதும் அவ்வாறே எழுதுங்கள். பயிற்சி உங்களுக்குத் துல்லியத்தைத் தரும். அத்துல்லியம் யாருக்காக என்பதைத் தொண்டு உணர்த்தும். இவ்விரண்டும் சேர்ந்தவரிடம் ஊர் தன் பணத்தையும் பொறுப்பையும் நம்பி ஒப்படைக்கும்.

அத்தகைய நம்பிக்கைக்குரியவர்களாக நம் பிள்ளைகளை அல்லாஹ் ஆக்கியருள்வானாக! வஸ்ஸலாம்.