மலையும் மாவட்டமும்



'மலையாளி' என்றவுடன் கேரளத்தாரை நினைப்பீர்கள். எங்கள் தீர்த்தமலை அமைந்த அரூர்ப் பகுதியில் அச்சொல் வேறு மக்களைக் குறிக்கும். சித்தேரி மலையில் வாழும் தமிழ் பேசும் பழங்குடியினர் அவர்கள். மலைவாழ்நர் என்பது பொருள். சாமையும் கேழ்வரகும் விளைவித்து உண்டவர்கள். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த உடன்பிறந்தார் மூவர் என்றும், மூத்தவர் சேர்வராயன் மலையிலும், நடுவர் பச்சைமலையிலும், இளையவர் கொல்லிமலையிலும் தங்கினர் என்றும் மலையாளிகளிடையே கதை வழங்குகிறது. அது வரலாறாகுமா என்று ஆராய்வது அறிஞர் வேலை. நான் கண்டது ஒன்றே: அக்கதையில் மலைகள் உண்டு, மாவட்டங்கள் இல்லை.

சட்டத்திலோ மாவட்டங்களே உண்டு. 1976-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் தருமபுரி, சேலம் முதலிய 6 மாவட்டங்களின் மலையாளிகளை மட்டுமே பழங்குடிப் பட்டியலில் வைத்தது. அன்று கோயம்புத்தூர் மாவட்டத்திலிருந்து, 1979-இல் ஈரோடு மாவட்டத்தைச் சேர்ந்த பர்கூர் மலையின் மலையாளிகள் விடுபட்டனர். சித்தேரி மாணவனுக்குக் கல்லூரி இட ஒதுக்கீட்டுக்கு உதவிய சாதிச் சான்றிதழ் பர்கூர் மாணவனுக்கு மறுக்கப்பட்டது.

இவ்வாறு கோடு கிழிப்பது நம் நாட்டு வழக்கம் மட்டுமன்று. கனடாவின் வடபுலத்தில் டெனே என்னும் குடியினர் உளர். டெனே என்றாலே 'மக்கள்' என்று பொருள். அவர்களுள் ஒரு பிரிவினர் கரிபூ மான்கூட்டங்களைத் தொடர்ந்து சென்று வேட்டையாடியவர்கள். அந்நிலத்தின் குறுக்கே 60-ஆம் வட அட்சக்கோடு மாகாண எல்லையாயிற்று. மான் எல்லை பார்த்தா நடக்கும்? தெற்கே குடியிருப்பும் வடக்கே வேட்டைநிலமுமாகப் பிரிந்த அவர்கள், கனடா அரசோடு வழக்கும் பேச்சுமாகப் பல்லாண்டு கழித்தனர். பர்கூரார் மனுக்கொடுத்தே ஒரு தலைமுறையைக் கடத்தினர்.