முதல் பத்து நிமிஷம் யாருடையது?

நடுவர் அவர்களே! எதிரணி நண்பர்களே! வாழைக்கும் கோரைக்கும் பேர் வாங்கிய தொட்டியத்துப் பெரியோர்களே, தாய்மார்களே!

"தீயை அணைக்கிறது தீயணைப்பு வீரர் வேலை, ஊர்க்காரன் ஒதுங்கி நின்னா போதும்" என்று எதிரணித் தலைவர் முழங்கிவிட்டுப் போனார். அவர் வீட்டு அடுப்பில் எண்ணெய்ச் சட்டி பற்றிக்கொண்டால் என்ன செய்வார்? ஒதுங்கித்தான் நிற்பார். வீட்டம்மா வந்து அணைப்பாங்க! (சிரிப்பு)

வீரர்களை நான் குறைத்துப் பேசவில்லை ஐயா. 1944 ஏப்ரல் 14-ல் பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் வெடித்து, 66 தீயணைப்பு வீரர்கள் உயிரை விட்டார்கள். அந்த நாளைத்தான் தீத்தொண்டு நாள் என்கிறோம். பேரைக் கவனியுங்கள். தொண்டு என்று பேர் வைத்துவிட்டு, எங்களை ஒதுங்கி நில் என்றால் எப்படி? (கைதட்டல்)

கணக்குப் பார்ப்போம். கிராமப்புறத்தில் 20 நிமிஷத்துக்குள் வண்டி வர வேண்டும் என்பது நம் நாட்டு நிபுணர்கள் வகுத்த அளவு. சரி, வண்டி ஒரு நொடிகூடத் தவறாமல் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அந்த இருபது நிமிஷத்தில் கூரை வீடு என்ன ஆகும்? காய்ந்த கோரைக் கட்டு என்ன ஆகும்? வீரர்கள் சாம்பலுக்குத்தான் தண்ணீர் ஊற்றணும். குற்றம் அவர்களிடம் இல்லை, தூரத்திடம் இருக்கிறது.

2004 ஜனவரி 23. நம்ம ஸ்ரீரங்கம். கல்யாண மண்டபத்து மாடியிலே கீற்றுப் பந்தல், குறுகிய படிக்கட்டு. வீடியோ விளக்கு ஒயரிலே பிறந்த பொறி. தாலி கட்ட வேண்டிய மாப்பிள்ளையோடு ஐம்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. ஸ்ரீரங்கம் என்ன குக்கிராமமா? அதே வருஷம் ஜூலை 16-ல் கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகள். அங்கேயும் கூரைதான். இரண்டு இடத்திலும் விதியை எழுதியது முதல் சில நிமிஷங்கள். அப்போது பக்கத்தில் நின்றவன் யார்? ஊர்க்காரன்!

"ஊர்க்காரனுக்கு என்ன தெரியும்?" என்றார் எதிரணி அம்மையார். நியாயமான கேள்வி. எரிகிற எண்ணெயிலே தண்ணீரை ஊற்றி, தீயைக் கூரைக்கு ஏற்றுகிறவனும் ஊர்க்காரன்தான். அதனால்தான் பயிற்சி கேட்கிறோம். சட்டியை மூடு, அடுப்பை அணை. சிலிண்டரா, ஈரச் சாக்கைப் போர்த்து. மின்சாரமா, முதலில் மெயினை அணை. ஆனால் மெயினை அணைத்தால் மோட்டார் ஓடாது, குழாயிலே தண்ணீர் வராது! இதை யோசித்துத் தொட்டியில் முன்கூட்டியே தண்ணீர் நிரப்பி வைக்கிற ஆளும் ஒருத்தர் வேண்டும்.

சில அலுவலகங்களில் தீயணைப்பான் தொங்குகிறது. ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, காலாவதித் தேதியையே மறைத்துவிட்டோம். சாமியாகிவிட்டது, இனி யார் தொடுவார்கள்? (பலத்த சிரிப்பு)

வெளிநாட்டைப் பாருங்கள். சிலி நாட்டிலே தீயணைப்பு வீரர்கள் சம்பளமில்லாத தொண்டர்கள். ஜெர்மனியில் சுமார் 10 லட்சம் பேர். அங்கே பவேரியா மாநிலத்தில் அழைப்பு வந்த 10 நிமிஷத்துக்குள் ஆள் போய்ச் சேரணும் என்று இலக்கு. மணி அடித்தால் தச்சன் உளியைப் போட்டுவிட்டு ஓடுவான். முதலாளி சம்பளம் பிடிக்கக் கூடாது, சட்டம்! ஆனால் அவர்களுக்கும் ஒரு சிக்கல். பகலில் இளைஞர்கள் வெளியூரில் வேலை. நமக்கும் அதே கதைதானே? பையன் திருப்பூரில், மருமகன் திருச்சியில். காலை பதினோரு மணிக்குத் தெருவில் இருப்பது யார்? தாய்மார்களும் தாத்தாக்களும். அப்படியானால் முதல் பயிற்சி யாருக்கு? அடுப்பின் முன்னால் நிற்கிறவருக்கு! மகளிர் குழுக் கூட்டத்திலே மாதம் அரை மணி நேரம் ஒதுக்கினால் போதாதா?

"கூலி இல்லாம எவன் வருவான்?" என்றும் கேட்டார்கள். இந்தத் தொட்டியத்திலா இந்தக் கேள்வி? பங்குனியிலே மதுரை காளியம்மன் தேரைச் சக்கரம் இல்லாமல் தோளிலேயே தூக்குகிறீர்களே, யார் கூலி கொடுத்தது? எந்தத் தோள் எந்தக் கொம்புக்கு, எப்போது மாற்றணும் என்று ஒரு ஒழுங்கு இல்லாமலா அவ்வளவு உயரத் தேர் நகருகிறது? அதே தோள்தான், அதே ஒழுங்குதான் கேட்கிறேன். (நீண்ட கைதட்டல்)

நடுவர் மணியை எடுத்துவிட்டார். கடைசியாக ஒன்றே ஒன்று. 101-க்குச் சொல்வது ஒருத்தர் வேலை, 112-ம் உண்டு. தெருவை அடைத்து நிற்கிற மோட்டார் சைக்கிளை நகர்த்துவது இன்னொருத்தர் வேலை. இப்போ எல்லோரும் திரும்பிப் பாருங்கள்: இந்தப் பந்தலுக்கு எத்தனை வழி? இரண்டு. ஒன்றிலே ஜெனரேட்டர் நிற்கிறது. பேச்சு முடிந்ததும் நாலு பேர் என்னோடு வாங்க, அதை நகர்த்துவோம்.